ஓடைக்குச் சோறு போடுகிற புங்கமரம்

உ

காவாந்தண்டலம்
22-12-1979

சௌபாக்கியவதி சுலோச்சனாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும், போன வாரம் கிடாரிக் கன்று போட்ட சிவப்பியும் இங்கே சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் கைக்குழந்தையும் சௌக்கியம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பிலாயில் இந்த வருஷம் குளிர் பல்லைக் கிட்டிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு, வெயில் நன்றாக ஏறின பிறகு தண்ணீர் ஊற்று, சாம்பிராணிப் புகையை முகத்துக்கு நேரே காட்டாதே. மாப்பிள்ளை ராத்திரி ஷிப்டு முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் டீ குடிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அது நல்லதில்லை, இரண்டு இட்லி தின்ற பிறகு குடிக்கச் சொன்னேன் என்று சொல். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விழுங்காமல் சட்டை ஜேபியில் போட்டுக்கொண்டு திரிகிறார், துவைக்கும்போது மாவாக வருகிறது. கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறார். முப்பது வருஷத்துக்கு முன் என் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை.

உன் கடிதம் கார்த்திகை பிறந்ததுமே வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது. கடிதத்தை அப்பா சத்தம் போட்டுப் படித்தார், உன் சித்தப்பா தாண்டவராயனும் அப்போது எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். ஓடை ஓரத்து மரங்களை அப்பாவும் சித்தப்பாவும் இஷ்டம்போல் செய்துகொள்ளட்டும், இத்தனை தூரத்தில் இருக்கிற எனக்கு அந்தப் புதரில் என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உடனே அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அதான் பொண்ணே சொல்லிட்டாளே அண்ணே, அப்பால இன்னா பேச்சு கீது, பொங்கல் போவட்டும், ஆளு வெச்சி தரமட்டத்துக்கு வெட்டிப்புடலாம் என்றான். அப்பாவும் தலையாட்டினார். எனக்கு மட்டும் அந்த ஒரு வரி முள்ளாகக் குத்தியது. இரண்டு நாள் உன்மேல் கோபமாகக்கூட இருந்தேன், இருந்ததைச் சொல்வதற்கென்ன. பிறகு யோசித்துப் பார்த்தேன். அப்படி அந்தப் புதரில் என்னதான் இருக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஓடையில் காலை நனைத்துத்தான் கழனிக்குப் போகிறேன், ஒரு நாளாவது நின்று பார்த்தேனா என்றால் இல்லை. சரி, போய்ப் பார்த்துவிட்டே இவளுக்குப் பதில் எழுதுவோம் என்று கிளம்பினேன். பார்க்கப் போனவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ பிரசவத்தில் இருந்தபோது நடந்ததால் உனக்கு முழுசாகத் தெரியாது. ஆடி மாதம் ஊர் கூடி ஓடை தூர் வார முடிவு செய்தார்கள். வழக்கம்போல வீட்டுக்கு ஓர் ஆள், அவரவர் நிலத்தை ஒட்டின கரை அவரவர் பொறுப்பு. இந்தத் தடவை பஞ்சாயத்தில் ஒரு புதுமை செய்தார்கள், எவன் கரை எல்லாவற்றையும்விடச் சுத்தமாக இருக்கிறதோ அவனுக்குச் சபையில் துண்டு போர்த்துவது என்று. நம் ஊர் ஆண்பிள்ளைகளிடம் துண்டு என்று சொன்னால் கேட்க வேண்டுமா. தூரை மட்டும் வாரவில்லை, புங்கன், நொச்சி, தாழை, நாணல், கோரை எதையும் விடாமல் வேரோடு தோண்டிக் கரையை மண்வெட்டியால் செதுக்கி, வீட்டுத் தரையை மெழுகி விட்டது மாதிரி ஆக்கிவிட்டார்கள். துண்டு நமக்கு மேல்கரையில் இருக்கிற உன் சித்தப்பாவுக்குத்தான் கிடைத்தது. நமக்குக் கீழே இருக்கிற சிட்டம்மாள் வீட்டுக் கரையும் அப்படித்தான் ஆயிற்று. நடுவில் உன் மஞ்சக்காணி ஓரம் மட்டும் சடை பிடித்த தலையோடு நின்றது. கல்யாணத்தில் உனக்கு மஞ்சள் செலவுக்கென்று எழுதி வைத்த நிலம் அது, அதில் ஒரு செடியைத் தொடுவதானாலும் உன் வார்த்தை வேண்டும், அது நம் குடும்பத்து வழக்கம். அப்பா உனக்கு எழுதிப்போட்டார், நீ பிள்ளை பெற்ற வீட்டில் கடிதத்தை எங்கே பார்த்தாய். பதில் வரவில்லை, மரம் நின்றது.

ஐப்பசி மழையில் ஓடை இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வந்தது. துண்டு வாங்கின கரை இரண்டே மழையில் சரிந்தது. பிடித்து வைக்க வேர் இல்லை, மண் பாளம் பாளமாக விழுந்து கரைந்து போயிற்று. அந்த மண்ணெல்லாம் கீழே உருண்டு வந்து, நம் கரையில் ஏற்கெனவே குறுக்கே விழுந்து கிடந்த ஒரு பெரிய தாழைப் புதரில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லாமல் எதிர்த்து ஏறி அவனுடைய நட்ட கழனிக்குள்ளேயே புகுந்தது, நாற்று அழுகிப்போய் மறுபடி நட்டான். அவன் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அவன் தன் மண்ணைச் சொல்லவில்லை, உன் தாழையை மட்டும் சொன்னான். ஊரே சுத்தமா கீது, எங்க அண்ணன் பொண்ணு காட்டால எனக்கு பேஜாரு என்று டீக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனான். அதனால்தான் அப்பா உனக்கு இரண்டாவது தடவை எழுதினார்.

இனி நான் பார்த்ததைக் கேள். ஒரு நாள் மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டு, உன் கரையில் பெரிய புங்கமரத்து வேரில் உட்கார்ந்தேன். மரம் முழுக்க முசுறு எறும்புக் கூடு, இலையை இலையோடு ஒட்டி வைத்திருக்கிறது. காற்றடித்தது, ஒரு முசுறு தவறித் தண்ணீரில் விழுந்தது. விழுந்ததும் கீழேயிருந்து ஒரு கெண்டை வந்து சொளக்கென்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அரிவாள் பிடியால் கிளையைத் தட்டினேன், எறும்பும் புழுவுமாகப் பொலபொலவென்று உதிர்ந்தது, அந்த இடமே உலை கொதிப்பது மாதிரி ஆயிற்று. என் கழுத்திலும் நாலைந்து முசுறு விழுந்து கடித்தது வேறு கதை. அப்புறம் பார்த்தால் அந்த மீன்கள் எல்லாம் கிளைக்கு நேர் கீழேதான் நிற்கின்றன, அரை முழம் அப்படி இப்படிப் போவதில்லை. பந்தியில் இலை போட்ட இடத்தில் உட்கார்ந்த மாதிரி மேலே பார்த்துக்கொண்டே நிற்கின்றன. நேரே சித்தப்பா கரைக்குப் போய் அங்கே தண்ணீரில் இறங்கினேன். கார்த்திகை மாதத்தில் தண்ணீர் காலுக்கு வெதுவெது என்று இருந்தது, நம் கரையில் ஜில்லென்று இருக்கிறது. இரண்டும் ஒரே தண்ணீர்தானே, அங்கிருந்துதானே இங்கே வருகிறது. நிழல் இல்லாத இடத்தில் கல்லெல்லாம் பச்சைப் பாசி வழவழவென்று படர்ந்திருந்தது. மீன் ஒன்று இரண்டு ஓடியது, நிற்கவில்லை. நிற்பதற்கு அங்கே வேரும் இல்லை, பொந்தும் இல்லை.

அடுத்த நாள் சும்மா இருக்க முடியாமல் மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவிடம் சொல்லாதே, அதை நன்றாகக் கழுவிவிட்டேன். புங்கமரத்து அடியில் ஊறிக் கிடந்த சருகை ஒரு அள்ளு அள்ளினேன். அம்மாடி, அதற்குள் ஒரு ஊரே இருக்கிறது. நகக்கண் அளவு இறால், நத்தை, தலைப்பிரட்டை, வால் முளைத்த என்னென்னவோ பூச்சி. அதில் ஒரு புழு, சருகைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டிச் சட்டை மாதிரி தைத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டையை இழுத்துக்கொண்டே நடக்கிறது. யார் அதற்குத் தையல் சொல்லிக் கொடுத்தது. சருகைத் திருப்பினால் அடியில் வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் இவை அரித்துத் தின்கின்றன. இவற்றை மீன் தின்கிறது. நாம் நடவுக்கு முன்னால் புங்கந்தழையைச் சேற்றில் மிதிக்கிறோமே, அது அழுகிப் பயிருக்குச் சோறாகிறதே, ஓடை அதையே ஆள் வைக்காமல் செய்துகொள்கிறது. தண்ணீர்தான் மரத்தை வளர்க்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். மரம் தண்ணீருக்குச் சோறு போடுகிறது என்று எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.

இது நானாகக் கட்டிக்கொண்ட கதையாக இருக்கக்கூடாது என்று இன்னொன்றும் செய்தேன். இரண்டு ஓட்டைக் கூடையில் ஒரே மரத்துச் சருகை அடைத்து வாயைக் கட்டி, ஒன்றை உன் கரை நிழலில் கல் வைத்து முக்கினேன், மற்றதைச் சித்தப்பா கரையில் முக்கினேன். அவன் பார்த்துவிட்டான். இன்னா அண்ணி, ஓடையாண்ட குந்திக்கினு கூடைய குளிப்பாட்றியா என்று சிரித்தான். உன் துண்டை நனைத்துத் தருகிறாயா, அதையும் குளிப்பாட்டுகிறேன் என்றேன், போய்விட்டான். சில நாள் கழித்து இரண்டையும் தூக்கி வந்து வாசலில் கொட்டினேன். அவன் கரைக் கூடையில் சருகு முழுசு முழுசாகச் சேறு அப்பிக் கிடந்தது, தேடினால் இரண்டொரு பூச்சி. உன் கரைக் கூடையில் இலையெல்லாம் நரம்பு மட்டும் மிச்சம், உன் கல்யாணப் புடவை முந்தானைச் சரிகையைத் தனியாகப் பிரித்தெடுத்தது மாதிரி, அத்தனை நேர்த்தி. கோழிகள் ஓடி வந்து அதிலிருந்த பூச்சியைப் பொறுக்கின. அப்பா பெரிய கோபத்தோடு, இன்னாடி இது வாச நடுவுல குப்ப என்று வந்தவர், ஒரு இலையைக் குனிந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இத எது தின்னுச்சி என்று கேட்டார். நான் சொன்னேன். மறுநாள் காலை பல் விளக்கின கையோடு ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் முழங்கால் வலிக்காரர் உன் புங்கமரத்து வேரில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பார்த்ததில் ஒன்று நான் பார்க்காதது. தண்ணீருக்குள் இருந்து அவலட்சணமான ஒரு பூச்சி கோரைத் தண்டைப் பிடித்து மேலே ஏறியதாம், அப்படியே முதுகு வெடித்து உள்ளேயிருந்து தட்டான் வந்ததாம், இறக்கை உலரும் மட்டும் அங்கேயே தொங்கிவிட்டுக் கழனிப் பக்கம் பறந்ததாம். வெறுங்கூட்டைக் கொண்டுவந்து காட்டினார், சாமி மாடத்தில் வைத்திருக்கிறோம். சரி, கோரை இல்லாத கரையில் அந்தப் பூச்சி எதைப் பிடித்து ஏறும் என்று நான் கேட்டேன். சாயங்காலத்தில் தண்ணீரிலிருந்து கொசு மாதிரி ஒன்று கூட்டமாக எழும்புகிறது, கிளைக்குக் கிளை வலை கட்டி வைத்திருக்கிற சிலந்திக்கு அதுதான் ராச்சாப்பாடு. மரத்திலிருந்து விழுவதைத் தண்ணீர் தின்கிறது, தண்ணீரிலிருந்து எழுவதை மரத்தில் இருப்பது தின்கிறது, சம்பந்தி வீடு மாதிரி வரிசை போவதும் வருவதுமாக இருக்கிறது. மீன்கொத்தி தாழ்ந்த கிளையில் இருந்துதான் பாய்கிறது. சிட்டம்மாள் கரையில் கிளை இல்லாததால் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெறும் அலகோடு இங்கே வருகிறது. தாழைக்குள் கானாங்கோழி குஞ்சு பொரித்திருக்கிறது, கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி நாலு ஓடுகிறது. சிட்டம்மாளும் இப்போது மீன் பறியைத் தன் கரையில் வைப்பதில்லை, உன் கரையில்தான் வைக்கிறாள். உன் பொண்ணு தண்ணியிலதான்க்கா மீனு கீது, எங்க தண்ணியில பாசிதான் கீது என்கிறாள்.

எல்லாம் நல்லது என்று மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். மர நிழல் விழுகிற இடத்தில் நெல் பதராகப் போகிறது, சித்தப்பா வரப்போரமும் உன் கழனியிலும் ஒரு பாத்தி அகலம் அப்படித்தான் நிற்கிறது. பாம்பு இருக்கிறது. குறுக்கே கிடந்த தாழை தண்ணீரை மறித்தது உண்மை. அதனால் போன வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் அரிவாளோடு இறங்கி, ஓட்டத்தில் கிடந்ததை மட்டும் அறுத்துக் கரையேற்றினோம். விழுந்து கிடந்தது என்பதால் அதற்கு உன் வார்த்தை வேண்டாம் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாதியில் சித்தப்பா வந்தான், வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, அடைத்திருந்த மண்ணை வாரிப்போட்டான். அது தன் கரை மண் என்று அவனுக்குத் தெரியும், நாங்களும் சொல்லவில்லை. தண்ணீர் விட்ட அம்பாகப் போயிற்று. அவன் கழனியில் இப்போது தண்ணீர் நிற்பதில்லை.

ஆனாலும் ஊரார் விடவில்லை. பஞ்சாயத்தில் எல்லார் கரையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது, தை மாதம் வெட்டுவது என்று முடிவாகிற மாதிரி இருந்தது. பொண்ணு எழுதிட்டா இல்ல என்று சித்தப்பா உன் கடிதத்தைச் சொன்னான். அவள் எழுதினது எங்கள் இஷ்டம் என்றுதான், தன் இஷ்டத்தை எழுதவில்லையே என்றேன். அங்கே பேசின ஒரே பொம்பளை நான்தான், உனக்குச் சிரிப்பாக இருக்கும். அப்போது அப்பா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அது எம் பொண்ணு காணி, வெட்றதுன்னா மொத வெட்டு அவ கையாலதான் வெட்டணும், அவ வந்து அருவா போட்டா நானே கூட நின்னு மிச்சத்த வெட்றேன், வேணாம்னு எழுதினா எவனும் ஒரு குச்சி ஒடிக்கப்படாது என்றார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. சித்தப்பாவே, அதுவும் ஞாயம்தான் அண்ணே என்று உட்கார்ந்துவிட்டான். தை கடைசி வரைக்கும் உன் பதிலுக்காகக் காத்திருப்பது என்று முடிவு செய்தார்கள்.

ஆகையால் இனி எல்லாம் உன் கையில் இருக்கிறது கண்ணு. மரம் நிற்கட்டும் என்றால் ஒரு கார்டு போதும், இரண்டு வரி எழுதி அப்பா பேருக்குப் போட்டுவிடு. வெட்ட வேண்டும் என்றால் நீ கிளம்பி வர வேண்டும். மாப்பிள்ளையைக் கலந்துகொண்டு எழுது. பெரியவனுக்குப் பல் விழுந்தால் கூரைமேல் போடச் சொல், அங்கே கூரை இல்லை என்றால் எடுத்து வை. கைக்குழந்தைக்குப் பேர் வைத்ததாக எழுதினாய், என்ன பேர் என்று எழுத மறந்துவிட்டாய், அதையும் எழுது. நீங்கள் நால்வரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த மனசோடு நீடூழி இருக்க வேண்டும்.

நீ ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது சுலோச்சனா. சின்னவளை நான் இன்னும் கையில் வாங்கவில்லை. நிற்கட்டும் என்று நீ எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன், அதில் பொய் இல்லை. ஆனால் எழுதி முடித்துத் தபால் பெட்டியில் போடப் போகிற இந்த நேரத்தில், வெட்டு என்று எழுதிவிட மாட்டாளா என்றும் இருக்கிறது.

இப்படிக்கு
உன் அம்மா
பாஞ்சாலி